வக்கீல் வீட்டு மோதிரமும் ஒரு வயிற்றுப் படமும்

போன வாரம் உங்கள் வார்டுக்கு வந்திருந்தேன். வேலையை விட்டு இத்தனை காலமான பிறகும், மருத்துவமனை வாசனை பட்டால் கால் தானாக உள்ளே திரும்பிவிடுகிறது. உங்களில் ஒரு இளம் டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, வயிற்றில் ஒன்றுமில்லை, படம் சுத்தமாக இருக்கிறது என்றார். அவருக்குப் பின்னால் கட்டிலில் கிடந்த பெண் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்தவர் அவளையும் திரும்பிப் பார்ப்பாரா என்று காத்துக்கொண்டு நின்றேன். பார்த்தார், வயிற்றைத் தொட்டும் பார்த்தார். ஆனால் அதுவரை எனக்கு நிலைகொள்ளவில்லை. வீட்டுக்கு வந்தும் இருப்புக் கொள்ளாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் மருத்துவமனையில் உதவி டாக்டராகச் சேர்ந்தபோது, வயிற்றைப் படமெடுப்பதே அபூர்வம். யந்திரம் எங்களிடம் கிடையாது. பக்கத்து வளாகத்தில் ஆண்கள் மருத்துவமனையின் இருட்டறையில் இருந்தது. உவரிக்காரர் சேவியர் என்பவர் அதைப் பார்த்துக்கொண்டார். கொழும்பில் ஒரு மருத்துவமனையில் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்தவர். கதிர் பட்டுப் பட்டு அவர் விரல் நுனிகள் கறுத்து வெடித்திருக்கும். அது ஏன் என்று அப்போது எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது.

படம் விழுந்த கண்ணாடித் தகட்டில் எலும்பு தெரியும், உலோகம் தெரியும். காசை விழுங்கிய குழந்தை வந்தால் காசு எங்கே இருக்கிறதென்று காட்டிவிடும். குடல் காற்றடைத்து உப்பியிருந்தால் கறுத்த பட்டைகளாகத் தெரியும். மற்றது எதுவும் தெரியாது. உவரியிலிருந்தே ஒரு மீனவர் வந்தார். மீன் முள் குடலைக் குத்தி உள்ளே சீழ் கட்டியிருந்தது. தகட்டில் அந்த முள்ளின் அடையாளமே இல்லை. சேவியர் அன்று முழுவதும் அந்தத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காட்டாமல் போன படங்களால் நான் அதிகம் கலங்கியதில்லை. ஒரு தகடு ஒன்றை மிகத் தெளிவாகக் காட்டியது. அதனால்தான் ஒருத்தி சாகப் பார்த்தாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

யுத்தம் வருவதற்கு முந்திய ஒரு புரட்டாசி அது. குலசேகரன்பட்டினத்துத் தசராக் கூட்டத்தில் காலரா பரவிவிடக் கூடாதென்று எங்கள் பெரிய டாக்டரம்மா அங்கே முகாம் போயிருந்தார். மருத்துவமனையில் நானும் நர்ஸ் ஞானப்பூவும்தான் பொறுப்பு. முற்பகலில் இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்றில் வைக்கோல் மேல் ஒரு பெண் கிடந்தாள். இன்னொன்றிலிருந்து திருநெல்வேலி டவுணில் பெயர் பெற்ற வக்கீல் ஒருவரும் ஒரு கான்ஸ்டபிளும் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே சேவியர், ஈரம் காயாத ஒரு தகட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வளாகத்தைக் கடந்து வந்தார்.

அந்தப் பெண்ணின் பெயர் இசக்கியம்மாள். வக்கீல் வீட்டில் வேலை செய்பவள். புருஷன் கொழும்புக்குப் போனவன், கடிதம் இல்லை. வக்கீலின் மகளுக்கு நிச்சயத்தில் போட்ட சிவப்புக்கல் மோதிரம் காணாமல் போயிருந்தது. அது காணாமல் போன அன்றுதான் இசக்கி வாந்தி எடுக்கத் தொடங்கினாள். தேடுகிறார்கள் என்று பயந்து மோதிரத்தை விழுங்கிவிட்டாள் என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். வக்கீல் ஆதாரம் இல்லாமல் பேசுகிற ஆள் இல்லை. நேரே அவளைச் சேவியரிடம் கொண்டுபோய்ப் படமெடுக்கச் சொல்லியிருக்கிறார்.

சேவியர் தகட்டை ஜன்னலில் சாய்த்து வைத்தார். இடுப்பெலும்புக் கூட்டுக்குள், நடுவில், வெள்ளை வெளேரென்று ஒரு வளையம்.

"வளையம் ஒண்ணு தெரியுது டாக்டரம்மா. அதுக்கு மேல நான் எதுவும் சொல்லல" என்றார் சேவியர்.

வக்கீல் குரலை உயர்த்தவில்லை. "பாத்துக்கிட்டீங்கல்லா. பேதிக்குக் குடுத்து வெளிய எடுத்துருங்க. கான்ஸ்டபிள் கூடவே இருப்பாரு" என்றார்.

அவரைக் கொடியவராக நினைத்துவிடாதீர்கள். அவள் வாந்தி எடுப்பதைப் பார்த்துத் தன் சொந்த வண்டி ஒன்றில் ஏற்றிக் கொண்டுவந்தவர் அவர். விளக்கெண்ணெய் கொடுத்தால் மோதிரமும் வெளியே வரும், அவளும் பிழைப்பாள் என்று உண்மையாகவே நம்பினார். அவர் இடத்தில் படித்தவர் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். தகடு அவ்வளவு தெளிவாக இருந்தது. எனக்கே ஒரு கணம் அவள்மேல் சந்தேகம் வந்தது.

ஆனால் அவளுடைய வாந்தியின் நாற்றம் அறையில் நின்றது. பித்த வாந்தி இல்லை, மலத்தின் நாற்றம். வயிறு தம்பூரா போல உப்பியிருந்தது. நாடி வேகமாக ஓடியது. விரலில் போடுகிற மோதிரம் தொண்டையைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் புளியங்கொட்டை போலப் போய்க்கொண்டே இருக்கும். அது ஒருத்தியை இப்படிப் புரட்டிப் போடாது. மோதிரம் இருக்கிறதா என்பது வக்கீலின் கேள்வி. தகடு அதற்கு ஏதோ பதில் சொல்லிவிட்டது. இவள் ஏன் சாகிறாள் என்பதை யாரும் இன்னும் கேட்கவே இல்லை.

எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். கான்ஸ்டபிள் தயங்கினார். கதவுக்கு வெளியே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்லுங்கள் என்று சொல்லி, ஞானப்பூவிடம் கதவைச் சாத்தச் சொன்னேன்.

"அம்மா, நான் எடுக்கல" என்றாள் இசக்கி.

அதை நான் கேட்கவில்லை, வலி எங்கே என்று சொல் என்றேன். தொப்புளைச் சுற்றி என்றாள். வேறு எங்கேயும் இல்லையா என்றால் இல்லை என்றாள். ஆனால் என் கை கீழே இறங்க இறங்க, அவள் கை சேலை மடிப்பை வலது தொடை இடுக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டது. கையை எடு என்று சொன்னால் எடுக்கவில்லை. ஞானப்பூ அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, இங்கே இருப்பது நாம் மூன்று பேர்தான் என்று பைய எடுத்துச் சொன்ன பிறகுதான் விரல்கள் தளர்ந்தன.

தொடை இடுக்கில் கொட்டைப்பாக்கு அளவு ஒரு கட்டி. கல் மாதிரி இருந்தது. தொட்டதும் அவள் துள்ளினாள்.

"குடத்தத் தூக்குனா வரும், படுத்தா போயிரும். இப்பப் போவல" என்றாள்.

குடலின் ஒரு வளைவு தொடை இடுக்கில் இருக்கிற சின்னச் சந்துக்குள் இறங்கி மாட்டிக்கொண்டிருந்தது. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காற்றின் கறுத்த பட்டைகள் தகட்டில் இருந்தன, வளையத்தைப் பார்த்த கண்ணுக்கு அவை படவில்லை; மாட்டிய இடத்தின் சுவடோ அதில் இல்லவே இல்லை. விளக்கெண்ணெய் கொடுத்திருந்தால் நெரிபட்ட குடல் முறுக்கிப் பிளந்திருக்கும்.

முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்று உள்ளேயும் சோதித்தேன். கர்ப்பப்பை வாய்க்குக் கீழே என் விரலில் ஒரு வளையம் தட்டுப்பட்டது. ரப்பர் உறை போட்ட எஃகு வளையம். கர்ப்பப்பை இறங்கியவர்களுக்குத் தாங்கலாக வைக்கிற வளையம். ஜன்னலில் சாய்த்து வைத்திருந்த தகட்டைத் திரும்பிப் பார்த்தேன். படத்துக்கு முன்பக்கமும் பின்பக்கமும் கிடையாது. குடலுக்குள் இருப்பதும் குடலுக்கு வெளியே இருப்பதும் ஒரே தளத்தில்தான் விழும்.

யார் வைத்தது என்று கேட்டேன். நாலாவது பிள்ளை பிறந்த பிறகு அடி இறங்கிவிட்டதாம். சாத்தான்குளம் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஒரு நர்ஸம்மா வைத்துவிட்டு, திரும்ப வரச் சொன்னார்களாம். வேலையை விட்டுப் போக முடியாமல் அப்படியே இருந்துவிட்டாள். வெளியே இருப்பவர்கள் இதைத்தான் மோதிரம் என்கிறார்கள், நான் போய் ஒரு வார்த்தை சொன்னால் உன் பெயர் சுத்தமாகிவிடும் என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிலையிலும் பிடி இறுகியது.

"திருடின்னு பேரு வந்தாலும் வரட்டும். இத மட்டும் ஆம்பளைக காதுல போட்டுராதீய. தெருவுல நான் தலகாட்ட முடியாதும்மா."

எனக்கு அவளோடு வாதாட ஆசை. அதற்கு நேரம் இல்லை. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். வளையத்தைக் கையோடு எடுத்துவிடலாமா என்று தோன்றியது. கிருமி சேர்கிற பழைய வளையம், எடுப்பதுதான் முறை. ஆனால் எடுத்துவிட்டு, பிறகு இன்னொரு படம் எடுக்கச் சொன்னால்? வளையம் மறைந்திருக்கும். மோதிரம் வெளியே வந்துவிட்டது, டாக்டரம்மாவும் சேர்ந்து ஒளித்துவிட்டாள் என்று ஆகும். இன்றைக்கு அது அவளைக் கொல்லப்போவதில்லை. இருக்கட்டும் என்று விட்டேன்.

வராந்தாவில் வக்கீல் நடந்துகொண்டிருந்தார். உடனே கத்தி வைக்க வேண்டும் என்றேன்.

"மோதிரம் அடச்சிட்டா?" என்று கேட்டார்.

"குடல் தொடை இடுக்குல மாட்டியிருக்கு. படத்துல இருக்கது மோதிரம் இல்ல."

"என் கண்ணால பாத்தனே. மோதிரம் இல்லன்னா வேற என்னது?"

கத்திகளைக் கொதிக்க வைக்கச் சொல்லி ஞானப்பூவுக்குக் குரல் கொடுத்தேன். அவர் முகம் மாறியது. பெரிய டாக்டரம்மா வராமல் அறுப்பது சரியா, அவளுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டார். குலசேகரன்பட்டினத்துக்கு வண்டி போய்த் திரும்புவதற்குள் இவள் இருக்க மாட்டாள், பொறுப்பு என்னுடையது என்றேன். சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். குடலிறக்கத்தை அறுக்கும்போது பெரிய டாக்டரம்மாவுக்கு உதவியாக நின்றிருக்கிறேன். தனியாக அதுதான் முதல் தடவை.

ஞானப்பூ குளோரோபாம் கொடுத்தாள். அறுத்த விதத்தை நான் எழுதப் போவதில்லை, உங்கள் பாடப் புத்தகத்தில் என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறது. குடலை நெரித்திருந்த இடுக்கை விரித்து விட்டதும் அது வெளியே வந்தது. விரல் நீளம் இருக்கும். நாவல்பழ நிறம். சுடுதண்ணீரில் உப்புப் போட்டு நனைத்த துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருந்தேன். உயிருள்ள குடலென்றால் சிவக்கும். செத்ததென்றால் வெட்டி எடுக்க வேண்டும். அவள் இருந்த இருப்பில், என் கைத்திறத்தில், வெட்டினால் அவள் மேசையிலேயே போய்விடுவாள்.

அந்தக் காத்திருப்பைப் போல என்னை அலைக்கழித்தது எதுவும் இல்லை. துணியை விலக்கிப் பார்க்க வேண்டும் என்று கை பரபரக்கும். விலக்கினால் சூடு போய்விடும். ஞானப்பூ நாடியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தாள். நான் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றேன். வெளியே வக்கீலின் செருப்புச் சத்தம் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தது. துணியை விலக்கினேன். ஓரங்கள் சிவந்திருந்தன. நடுவில் ஒரு இடம், நகத்தளவு, சாம்பல் நிறத்திலேயே இருந்தது. மறுபடி சுற்றினேன், மறுபடி காத்திருந்தேன். அந்த நகத்தளவு இடம் பிழைத்ததா இல்லையா என்று கடைசி வரை எனக்கு உறுதிப்படவில்லை. விரலால் தட்டினேன். குடல் புழுவைப் போல ஒரு தடவை நெளிந்தது. அந்த ஒரு நெளிவை நம்பி உள்ளே தள்ளித் தைத்துவிட்டேன்.

பிறகு வந்த நாட்களில் நான் நிலையாக ஓரிடத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை. அந்தச் சாம்பல் இடம் உள்ளே கிழிந்திருக்குமோ என்று சாப்பிடும்போது நினைப்பு வரும், பாதியில் எழுந்து வார்டுக்குப் போவேன். கையை அவள் வயிற்றில் வைத்துப் பார்ப்பேன். காதை வைத்துக் கேட்பேன். கான்ஸ்டபிள் வாசலிலேயே இருந்தார். அவளுடைய மலத்தை அலசிப் பார்க்க வேண்டும் என்று ஒரு தோட்டிச்சியிடமும் சொல்லி வைத்திருந்தார்கள். இசக்கிக்கு அது தெரியும். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒரு காலையில் நான் வார்டுக்குள் நுழையும்போதே பக்கத்துக் கட்டில் கிழவி எழுந்து உட்கார்ந்து, "காத்துப் பிரிஞ்சிட்டு டாக்டரம்மா" என்றாள். குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்; வார்டே அதற்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இசக்கி எழுந்து கஞ்சி குடிக்கத் தொடங்கியதும் வக்கீல் வந்தார். மோதிரம் இறங்கியிருக்கிறதா என்று இன்னொரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். எடுக்கலாம், ஆனால் உங்கள் விரலில் இருக்கும் மோதிரத்தைக் கழற்றிக் கொடுங்கள் என்றேன். அதுவும் கல் வைத்த மோதிரம். ஆண் கை மோதிரம், மகளுடையதைவிடப் பெரிது. எதற்கு என்று கேட்டுக்கொண்டே கழற்றினார்.

சேவியரிடம் முன்பே பேசி வைத்திருந்தேன். தகடு அவள் முதுகுக்குக் கீழே. கதிர்க் குழாய் மேலே. விளக்குக்குக் கிட்டே கையைக் காட்டினால் சுவரில் நிழல் பெரிதாக விழுமில்லையா, அதே கணக்குத்தான். முதல் தகட்டில் வளையம் பெரிதாகத் தெரிந்ததையும் வக்கீல் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார். வக்கீலின் மோதிரத்தை இசக்கியின் வயிற்றின்மேல், குழாய்க்கு மிகக் கிட்டே இருக்கும்படி, ஒட்டி வைத்தேன். அதன் நிழல் எவ்வளவு பெருக முடியுமோ அவ்வளவு பெருகட்டும் என்று.

தகடு கழுவி வந்தது. இரண்டு வளையங்கள். ஒன்று சிறியது, ஒரு பக்கம் கல் கட்டின புடைப்போடு. மற்றது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், எங்கும் புடைப்பில்லாமல் வழவழவென்று. முன்பு இருந்த அதே இடத்தில், கொஞ்சமும் நகராமல்.

வக்கீல் வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் மோதிரத்தை வாங்கி விரலில் போட்டுக்கொண்டு, திரும்பவும் பார்த்தார்.

"இது விழுங்குனதே இல்ல. இந்த அளவு வளையம் தொண்டைக்குள்ள எறங்காது" என்றேன்.

"அப்ப அது என்னது?"

"ஒரு ஆஸ்பத்திரியில வச்ச வைத்தியம். அதுக்கு மேல நீங்க கேக்கவும் கூடாது, நான் சொல்லவும் கூடாது."

அவர் வக்கீல். எந்தக் கேள்வியோடு நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர். வெளியே போனார். போகும்போது கான்ஸ்டபிளையும் கூட்டிக்கொண்டு போனார். இசக்கியிடம் ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். கட்டில் பக்கம் நின்றார், போய்விட்டார்.

பழைய வளையத்தை எடுத்துவிட்டு, புண் ஆறியதும் புதிது வைத்து அனுப்பினேன். அவள் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. உடன்குடியில் தங்கை வீட்டில் கருப்பட்டி காய்ச்சப் போவதாகச் சொன்னாள். குடம் தூக்காதே என்று சொன்னேன். சிரித்தாள். வேறு என்ன செய்வாள்.

அவள் போன பிறகு ஒரு பிற்பகலில் மூடுவண்டி ஒன்று வந்தது. வக்கீலின் மனைவி. உள்ளே ஆண்கள் யாரும் இல்லையே என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினார். மோதிரம் கிடைத்துவிட்டது என்றார். பூஜை அறையில் பழைய பூவைக் கூட்டி அள்ளும்போது கூடைக்குள் கிடந்ததாம். இசக்கி எங்கே என்று கேட்டார். சொன்னேன். ஆள் அனுப்பப் போவதாகச் சொன்னார். அனுப்பினாரா என்று எனக்குத் தெரியாது. பிறகு எழுந்து போகாமல் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆஸ்பத்திரியில வச்ச வைத்தியம்னு நீங்க சொன்னதா இவுக வந்து சொன்னாக. இவுகளுக்கு வெளங்கல. எனக்கு வெளங்கிட்டு" என்றார். குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ரொம்ப வருஷமா அடி எறங்கிப் போயித்தான் கெடக்கு" என்றார்.

அவருக்கும் வளையம் வைத்தேன். அதற்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து மூடுவண்டிகள் வரத் தொடங்கின. வந்தவர்கள் எல்லாரும் வயிற்றுவலி என்றுதான் சொன்னார்கள். அன்றிலிருந்து வயிற்றுவலி என்று யார் வந்தாலும், படத்துக்குச் சீட்டு எழுதும் முன் கதவைச் சாத்திவிட்டு, சேலை மடிப்பை விலக்கி, தொடை இடுக்கு வரை பார்க்காமல் நான் அனுப்பியதில்லை. உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன். உங்கள் படங்கள் எங்கள் தகடுகளைவிட ஆயிரம் மடங்கு தேவலை. ஆனாலும் குடலின் நிறத்தை அவை சொல்லுவதில்லை. யாரும் கேட்காததையும் சொல்லுவதில்லை.

சில மாதம் கழித்து வக்கீலை ஆற்றுப்பாலத்தில் சந்தித்தேன். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தார். மனைவிக்கு உடம்பு நன்றாகத் தேறியிருக்கிறது, கோயிலுக்கு நடந்தே போய் வருகிறாள் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

"என்ன மருந்து குடுத்தீங்கன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கா. எதுக்கும் வயித்த ஒரு படம் எடுத்துப் பாத்துருவமா டாக்டரம்மா?"

"வேண்டாம். நானே பாத்துக்கிடுதேன்" என்றேன்.